பத்துக்குப் பத்தா, ஐந்துக்கு ஐந்தா?

பத்துக்குப் பத்து என்றால் நம்மில் பலருக்கும் அறையின் அளவுதான் ஞாபகம் வரும். இப்போது ஜிம்முக்குப் போகிற பெண்கள் வேறு அர்த்தம் சொல்கிறார்கள். ஒரு எடையைப் பத்துத் தடவை தூக்கினால் ஒரு செட். அப்படிப் பத்து செட். ஆக, ஒரே பயிற்சி, ஒரே நாளில் நூறு தடவை!

என் அக்கா மகளுக்கு 28 வயது. 14 மாதக் குழந்தை இருக்கிறது, சிசேரியன். டாக்டரம்மா சரி என்று சொன்ன பிறகுதான் எங்கள் பேட்டை ஜிம்மில் பெண்களுக்கென்று ஒதுக்கிய பகல் நேரத்தில் என்னோடு வர ஆரம்பித்தாள். (எனக்கு 46. எலும்பு தேய்கிற வயசு வருகிறதே என்று நான் முன்னாலேயே சேர்ந்துவிட்டேன்.) தோளில் ராடை வைத்துக்கொண்டு பஸ்கி எடுப்பதில் 25 கிலோ வரை மளமளவென்று வந்தவள், இரண்டு மாதமாக அங்கேயே நின்றுவிட்டாள். எட்டுத் தடவை, மூன்று செட். அதற்கு மேல் எடை ஏறவில்லை. இதைப் பார்த்து ஜிம் மாஸ்டர் பத்துக்குப் பத்து என்று ஒரு அட்டவணை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"சித்தி, நாளையிலேர்ந்து ஆரம்பிச்சுடவா? ஆறே வாரத்துல வித்தியாசம் தெரியுமாம்!" என்றாள்.

சட்டென்று வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. குழந்தை பிறந்த பிறகு தனக்கென்று அவள் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். "உக்காரு, கணக்குப் போட்டுப் பார்க்கலாம்" என்றேன்.

முதலில் இந்த முறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தோம். 1970-களில் ஜெர்மனியில் எடை தூக்கும் வீரர்கள் கையாண்டது என்கிறார்கள். 1990-களில் சார்லஸ் பாலிக்வின் என்ற கனடா நாட்டுப் பயிற்சியாளர் இதைப் பற்றி எழுத, ஊர் உலகமெல்லாம் பரவிவிட்டது. போட்டி இல்லாத மாதங்களில் உடம்பில் சதை போடுவதற்காக அவர்கள் செய்தது இது. அவர்களுக்கு அதுதான் தொழில். தூக்கிவிட்டு, சாப்பிட்டு, தூங்கலாம். நம் வீட்டில் தூக்கிவிட்டு வந்தால் குக்கர் வைக்க வேண்டும்.

இனி கணக்கு. இருபது தடவை தூக்க முடிகிற லேசான எடையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இதன் விதி. அவளுக்கு அது 18 கிலோ. நூறு தடவைக்கு 1,800 கிலோ. இப்போது அவள் செய்வது 25 கிலோ, 24 தடவை, அதாவது 600 கிலோ. ஒரே நாளில் மூன்று மடங்கு! இரண்டு ஆழாக்கு அரைக்கிற கிரைண்டரில் ஆறு ஆழாக்கைக் கொட்டுவது போலத்தானே? அதிலும் ஒரு வேடிக்கை. அவளுக்கு ஆசை 25-ஐத் தாண்ட வேண்டும் என்று. இந்த முறையிலோ கையில் இருப்பது 18. லேசான எடையை நூறு தடவை தூக்கினால் சதை வளரலாம், மறுக்கவில்லை. ஆனால் கனமான எடையைத் தூக்கப் பழக, கனமான எடையைத்தான் தூக்க வேண்டும்.

2017-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இதையே சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். 19 இளைஞர்கள், ஆறு வாரம். முக்கியமான பயிற்சிகளில் பாதிப் பேருக்குப் பத்து செட், மற்றவர்களுக்கு ஐந்து செட். பத்து செட்காரர்கள் எதிலும் முந்தவில்லை. படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேலே எடை தூக்குவதில் ஐந்து செட்காரர்கள்தான் அதிகம் முன்னேறினார்கள். சோதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் ஆண்பிள்ளைகள் என்பதையும் கவனியுங்கள். ராத்திரி மூன்று தடவை எழுந்து பால் கொடுக்கிறவர் ஒருவரும் அதில் இல்லை!

அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. சதை வலுவாவது ஜிம்மில் இல்லை, ஓய்வெடுக்கிற நேரத்தில்தான். இவளுக்குச் சேர்ந்தாற்போல் நாலு மணி நேரத் தூக்கம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

மாஸ்டர் மேல் குறை சொல்லவில்லை. நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டு, உடம்பு தேற வேண்டும் என்று நினைக்கிற கல்லூரிப் பெண்ணுக்கு ஒன்றரை மாதம் அது சரிப்படலாம்.

சரி, இவள் ஏன் 25-ல் நிற்கிறாள்? மறுநாள் ஜிம்மில் பிளேட் அடுக்கியிருக்கும் இடத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அங்கே இருக்கிற ஆகச் சின்ன பிளேட்டே இரண்டரை கிலோ. பக்கத்துக்கு ஒன்று போட்டால் ஒரேயடியாக ஐந்து கிலோ ஏறும். 25-லிருந்து 30. ஐந்தில் ஒரு பங்கு! நூறு கிலோ தூக்குகிற ஆணுக்கு ஐந்து கிலோ ஒன்றுமில்லை. நமக்கு அது மலை. மாஸ்டரிடம் கேட்டோம். அரை கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கிப் போட்டார், நல்ல மனுஷர்.

பத்துக்குப் பத்து அட்டவணையை மடித்து வைத்துவிட்டு, ஐந்து தடவை, ஐந்து செட் என்று வைத்துக்கொண்டாள். வாரம் இரண்டே நாள். வாரத்துக்கு ஒரு கிலோ ஏற்றம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரம் மட்டும் ஏற்றவில்லை. ஆறாவது வாரக் கடைசியில் 30 கிலோ. "தோள்ல வெச்சதே தெரியல சித்தி" என்றாள்.

யாராவது நூறு தடவை முறையை இறங்கிப் பார்ப்பதாக இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மறுநாள் கொஞ்சம் வலிப்பது சகஜம். ஆனால் கை கால் வீங்கி, தாங்க முடியாத வலியோடு சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். பழக்கமில்லாமல் அளவுக்கு மீறிச் செய்தால் சதை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். பிரசவமானவர்கள் எடை தூக்கும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். எடையைக் குறைத்துவிட்டு டாக்டரம்மாவிடம் சொல்லுங்கள்.

ஜிம்முக்குப் போக வசதியில்லாதவர்கள் பிள்ளைகளின் பழைய ஸ்கூல் பையை எடுத்துக்கொள்ளலாம். அதில் அரிசி, பருப்பு, உப்புப் பாக்கெட்டுகளைப் போட்டு ஐந்து கிலோவில் ஆரம்பியுங்கள். வாராவாரம் அரைக் கிலோ பாக்கெட் ஒன்று சேர்த்தால் போதும். இதற்குப் பிளேட் தேடவே வேண்டாம். பையை முதுகில் மாட்டாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, ஒரு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து எழுந்திருங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பினால் அன்றைக்கு எடை அதிகம் என்று அர்த்தம், ஒரு பாக்கெட்டை வெளியே எடுத்துவிடுங்கள்.