கத்தரிக்குச் சிக்காத பாட்டு

1957 ஜனவரியில் எல்விஸ் பிரெஸ்லி அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாடியபோது கேமரா அவரது இடுப்புக்குக் கீழே இறங்கவில்லை. ஆட்டம் அவ்வளவு ஆபத்தாம். அதே ஆண்டு பம்பாய் சினிமாவில் ராக் அண்ட் ரோல் குழந்தை வேடம் போட்டு நுழைந்தது. எம்.வி. ராமன் இயக்கிய 'ஆஷா' படத்தின் 'ஈனா மீனா டீக்கா'தான் அது.

இசை சி. ராம்சந்திரா. வெளியே விளையாடிய குழந்தைகளின் 'ஈனி மீனி மைனி மோ' அவர் காதில் விழுந்தது. அதிலிருந்து முதலடி பிறந்தது. கோவாக்காரரான அவரது உதவியாளர் ஜான் கோம்ஸ், 'எனக்கு வேண்டாம்' என்று பொருள்படும் கொங்கணிச் சொற்களைச் செருகினார். சினிமா வட்டாரத்தில் சொல்லப்படும் கதை இது. பாட்டாசிரியர் என்று பெயர் பெற்றவர் ராஜேந்திர கிருஷண்.

வெறும் உளறல் என்று ஒதுக்கிவிட முடியாது. 1952-ல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஓய்ந்தது. நேயர்கள் இலங்கை வானொலிக்குத் தாவினார்கள். அவர்களைத் திரும்ப அழைக்க விவித் பாரதி வந்தது 1957 அக்டோபரில்தான். 'சண்டே கே சண்டே' (1947) பாட்டிலேயே பலரை முகம் சுளிக்க வைத்திருந்தார் ராம்சந்திரா. இந்த முறை சுளிக்க வார்த்தையே இல்லை. சரசமெல்லாம் தாளத்தில்.

பதிவுகள் இரண்டு. கிஷோர் குமார் பாடியது கோமாளித்தனத்தின் உச்சம். ஆனால் துணிச்சல் இருப்பது ஆஷா போஸ்லேயின் பதிவில்தான். ராக் அண்ட் ரோல் ஆண்பிள்ளைச் சமாச்சாரமாக இருந்த நேரத்தில் அதற்கு வாயசைத்து ஆடியவர் கதாநாயகி வைஜயந்திமாலா!

1959-ல் ராமனே படத்தைத் தமிழில் 'அதிசயப் பெண்' ஆக்கினார். கதாநாயகி அவரேதான், இசை மட்டும் எஸ்.எம். சுப்பையா நாயுடு. மெட்டு கூடவே வந்தது. ராம்சந்திராவும் தமிழுக்குப் புதியவர் அல்ல: 'வனமோகினி'க்கு (1941) இசையமைத்தவர். பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடிய 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958) பாட்டும் அவருடையதே. 1963-ல் நேருவைக் கலங்க வைத்த 'ஏ மேரே வதன் கே லோகோ'வுக்கு மெட்டமைத்தவரும் இதே 'மேற்கத்திய மோகி'தான்.

கோம்ஸ் போன்ற கோவாக் கலைஞர்கள் இரவில் ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்தார்கள். பகலில் ஸ்டூடியோக்களில் இசைக்குறிப்பு எழுதிப் பாட்டை உருவாக்கினார்கள். இசைத்தட்டில் பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் பெயர்கள் இருக்கும். உதவியாளருக்கு அதில் இடமில்லை.