புது மாடல் வரட்டும்; கணக்கு முந்தட்டும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் நாமக்கல்லிலும் "குட்டி யானை" அடுத்த மாடல் எப்படி வரும் என்பதே நம்மவர்களின் பேச்சு. ஆவல் நியாயமே. 2005இல் வந்த டாடா ஏஸ், லாரி நுழையாத சந்துக்கும் சரக்கைக் கொண்டு சேர்த்தது.

ஆனால் முகப்பு மாறினால் வாடகை கூடாது. 2025இல் வந்த ஏஸ் புரோ ஏற்றுவது 750 கிலோ. அதாவது 50 கிலோ சர்க்கரை மூட்டை 15. பதினாறாவதை ஏற்றினால் அபராதமும் டயர் செலவும் நம் தலையில்தான். அதே ஆண்டு செப்டம்பரில் சரக்கு வாகன வரி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது நல்லதே. தவணை நிற்கப் போவதில்லை.

எனவே தினசரி எடை, மாதத் தவணை, உள்ளூரில் உதிரிபாகம் மூன்றையும் பார்த்தபின் கையெழுத்திடுமாறு வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.