பசை போதும் என்பவர்களுக்கு

"குளுவாங்கில் உறைபனி இல்லை, மாடிச் சுவரில் கிரானைட் பதிக்க நல்ல பசை போதும், எஃகுக் கொக்கி வீண்செலவு" என்கிறார்கள்.

ஒன்று: 20 மில்லிமீட்டர் கிரானைட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 54 கிலோ. பசை விட்டால் எது பிடிக்கும்?

இரண்டு: வெயிலில் சுட்ட கல்லை மாலை மழை சட்டென்று குளிர்விக்கிறது. கல் ஓர் அளவு சுருங்கும், பின்சுவர் வேறோர் அளவு. அந்த இழுபறி முழுவதும் பசையின் மேல்தான். துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியோ கல்லின் விளிம்பைப் பிடித்து, அசைய இடமும் விடுகிறது. உள்ளே புகுந்த நீரும் வடிகிறது.

மூன்று: "சிகாகோ அமோக்கோ கட்டடத்தில் கொக்கியிருந்தும் கல் வளைந்ததே?" வளைந்தது மெல்லிய கர்ராரா பளிங்கு. 1990–92இல் அதை நீக்கித் தடித்த கிரானைட்டை மாட்டினார்கள், ஒட்டவில்லை.

கீழே அஞ்சடி நடைபாதையில் பிள்ளைகள் நடக்கிறார்கள். கொக்கிக்குப் பணமில்லையா? கல்லை விடுங்கள், சாயம் பூசுங்கள்.