மூன்றாவது நாற்காலி

போர்டு கேம் பதிப்பகம் நடத்த எத்தனை பேர் வேண்டும் என்ற கேள்வி இல்லாமல் எங்கள் அலுவலகத்துக்குக் கடிதக் கட்டு வருவதில்லை. ஒருவர் போதும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது, நூற்றுக்கணக்கானோர் வேண்டும் என்பதற்கும் இருக்கிறது. தலைகளை எண்ணி இதற்கு விடை காண முடியாது. ஆட்டத்தை உருவாக்கியவர் ஒருவர், அதற்குப் பணம் போடுபவர் ஒருவர். இவர்களோடு, "இந்த விதி வேலை செய்யவில்லை, எடுத்துவிடுங்கள்" என்று சொல்லும் மூன்றாவது ஆளுக்கு, அதாவது டெவலப்பருக்கு, அந்த நிறுவனத்தில் நாற்காலி இருக்கிறதா? நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

நெதர்லாந்தின் ஸ்ப்ளாட்டர் ஸ்பெல்லனை எடுத்துக்கொள்வோம். ஜெரூன் டூமென், யோரிஸ் வியர்சிங்கா என்ற இருவர்தான் அதன் முதுகெலும்பு. வயிற்றுப்பாட்டுக்கு இருவருக்கும் வேறு வேலை உண்டு. 2015-இல் 'ஃபுட் செயின் மேக்னேட்' வந்தது. அடுத்த புத்தம் புதிய பெரிய ஆட்டமான 'ஹார்ஸ்லெஸ் கேரேஜ்' வந்தது 2023-இல். நடுவில் விரிவாக்கமும் மறுபதிப்புகளும் மட்டும். மாதம் பிறந்தால் சம்பளம் போட வேண்டிய எந்த நிறுவனமும் எட்டு ஆண்டு இப்படிக் காத்திருக்க முடியாது. இருவருமே வடிவமைப்பாளர்கள் என்பதால், ஒருவர் கட்டியதைத் தட்டிப் பார்க்க மற்றவர் இருக்கிறார். ஆட்டம் பழுக்கும் வரை பொறுக்கலாம். கடையில் பெட்டி தீர்ந்துபோனால் வாங்குபவரும் அதே பொறுமையோடு காத்திருக்க வேண்டியதுதான்.

ஸ்டோன்மையர் கேம்ஸ் வேறு வழி. ஜேமி ஸ்டெக்மையரும் ஆலன் ஸ்டோனும் 2012-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் தொடங்கிய இந்த நிறுவனத்தில் பல ஆண்டுகளுக்கு முழுநேர ஊழியர் ஸ்டெக்மையர் ஒருவரே. ஓவியம், அச்சு, கிடங்கு, அனுப்புதல் எல்லாம் வெளியாட்கள் கையில். ஆனால் ஆட்டத்தைச் செதுக்கும் வேலையை மட்டும் அவர் வெளியே விடவில்லை. எலிசபெத் ஹார்க்ரேவின் 'விங்ஸ்பேன்' 2019-இல் 170 பறவை அட்டைகளோடு வந்து அந்த ஆண்டின் கென்னர்ஷ்பீல் விருதையும் வாங்கியது. முதல் அச்சு போதாமல் வாசலில் ரசிகர்கள் கொதித்தார்கள், ஸ்டெக்மையர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஆள் கூட இருந்திருந்தால் இந்தத் தட்டுப்பாடு வந்திருக்காது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அறிமுகமில்லாத வடிவமைப்பாளரின் ஆட்டத்துக்கு லட்சம் பெட்டி அச்சடிக்கும் துணிச்சல் ஆள்பலத்தால் வருவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு மினசோட்டாவில் இருக்கும் லெடர் கேம்ஸுடையது. வடிவமைப்பாளர் கோல் வெர்லி, ஓவியர் கைல் ஃபெரின், விதிகளைச் சோதிப்பவர்கள் எல்லாரையும் அவர்கள் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். 2018-இல் வந்த 'ரூட்' ஆட்டத்தில் ஒவ்வொரு அணிக்கும் விதி வேறு. பூனைகளின் விதியில் ஒரு சொல்லை மாற்றினால் பறவைகளின் கணக்கு இடிக்கும். அப்படிப்பட்ட ஆட்டத்தை, வேலையை முடித்துப் பில் கொடுத்துவிட்டுப் போகும் வெளியாளை வைத்துக் கட்டிக் காப்பது கடினம். 'ரூட்' பெட்டி கடைக்குப் போன பிறகும் அதன் விதிகள் பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்பட்டன, அணிகளின் பலம் சரிசெய்யப்பட்டது. நாற்காலியில் ஆள் தொடர்ந்து உட்கார்ந்திருந்ததால் கிடைத்த பலன் இது. இதற்குச் செலவும் உண்டு. அத்தனை பேரின் சம்பளத்தைத் தாங்க விரிவாக்கங்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

பெரிய குழுமங்களில் கதை வேறு. போர்டு கேம் குழுமமான அஸ்மோடேயை 275 கோடி யூரோ கொடுத்து வாங்கிய எம்பிரேசர் நிறுவனம், 2025 பிப்ரவரியில் அதைத் தனியே பிரித்துப் பங்குச்சந்தைக்கு அனுப்பியது. போவதற்கு முன் அதன் தலையில் 90 கோடி யூரோ கடனும் ஏறியிருந்தது. அந்தக் கடனுக்கு வட்டி கட்டும் இடத்தில், ஆட்டம் இன்னும் ஆறு மாதம் பழுக்கட்டும் என்று சொல்ல ஒரு டெவலப்பருக்கு எவ்வளவு தெம்பு வேண்டும்! விநியோகம், மொழிபெயர்ப்பு, கடைகளில் இடம் ஆகியவற்றில் குழுமத்தின் பலத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அஸ்மோடேயின் கையில் இருந்த பிளெய்ட் ஹேட் கேம்ஸை அதன் நிறுவனர் கோல்பி டாச் 2020-இல் திரும்ப வாங்கிக்கொண்டார். மறு ஆண்டே அங்கிருந்து 'சம்மனர் வார்ஸ்' இரண்டாம் பதிப்பு வந்தது.

ஆகவே புதிதாகத் தொடங்குவோருக்கு எங்கள் யோசனை: முதல் சம்பளத்தை விளம்பரத்துக்கு ஆள் வைக்கச் செலவிடாதீர்கள், டெவலப்பருக்குக் கொடுங்கள். அச்சகமும் கிடங்கும் கூலிக்குக் கிடைக்கும். உங்கள் ஆட்டத்தின் நாற்பதாவது சோதனையிலும் சலிக்காமல் குறிப்பெடுக்கும் ஒருவர் அப்படி எளிதில் கிடைக்க மாட்டார்.

1988-இல் நியூரம்பெர்க் பொம்மைச் சந்தையில் 13 வடிவமைப்பாளர்கள் கூடி, பெட்டியின் மேல் தங்கள் பெயர் அச்சாகாவிட்டால் ஆட்டம் தர மாட்டோம் என்று ஒரு பீர் கோப்பை அட்டையில் எழுதிக் கையெழுத்திட்டார்கள். இன்று அந்த உரிமை பெரும்பாலும் நிலைத்துவிட்டது. டெவலப்பரின் பெயரோ பல பெட்டிகளில் இன்னும் விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் கிடக்கிறது. அடுத்த இதழிலிருந்து எங்கள் மதிப்புரைகளில் வடிவமைப்பாளர் பெயருக்கு அடுத்த வரியிலேயே, அதே அளவு எழுத்தில், டெவலப்பரின் பெயரும் வரும். மதிப்புரைக்குப் பெட்டி அனுப்பும் பதிப்பாளர்கள் அந்தப் பெயரையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.