புல்லட் ஊருக்கு பேட்டரி வந்தால், லேத் பட்டறைக்கு என்ன வேலை?

திருவொற்றியூர்க்காரர்களுக்கு அந்த 'டுபு டுபு' சத்தம் புதுசு இல்லை. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், பிரிட்டனின் என்ஃபீல்டோடு கைகோத்ததில் உருவானதுதான் அங்குள்ள புல்லட் ஆலை. அதே ராயல் என்ஃபீல்டு, 2024 நவம்பரில் மிலான் நகரில் சத்தமே இல்லாத ஒரு பைக்கைக் காட்டியது. 'ஃபிளையிங் ஃப்ளீ' என்கிற மின்சார பைக்.

பக்கத்தில் எண்ணூரிலும் இதே கதைதான். 1948-ல் தொடங்கி ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தந்த அசோக் மோட்டார்ஸ்தான் இன்றைய அசோக் லேலண்ட். அதன் துணை நிறுவனமான ஸ்விட்சின் மின்சார பஸ்கள், 2025 ஜூன் 30 முதல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஓடுகின்றன.

சீனா எப்படி முந்தியது?

ஜீலி நிறுவனம் 1986-ல் ஃப்ரிட்ஜ் தொழிலில் ஆரம்பித்தது. 1990-களில் மோட்டார் சைக்கிள், அடுத்து கார், 2010-ல் வோல்வோவையே வாங்கியது, இப்போது மின்சார கார். பி.ஒய்.டி. 1995-ல் தொடங்கியதே பேட்டரி கம்பெனியாகத்தான். வண்டியோடு சேர்த்து பேட்டரி, மோட்டார், காந்தம் எல்லாவற்றையும் சொந்த நாட்டிலேயே செய்ய சீனா கற்றுக்கொண்டது. வித்தியாசம் அங்கேதான்.

உலகின் அரிய மண் காந்தங்களில் சுமார் 90 சதவீதம் சீனாவில் தயாராகிறது. 2025 ஏப்ரலில் அதன் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டதும், இந்திய மின்சார வாகன நிறுவனங்கள் திண்டாடிப் போயின. அதன்பிறகு, நவம்பரில்தான் உள்நாட்டிலேயே காந்தம் தயாரிக்க ரூ.7,280 கோடி திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது.

வடசென்னைக்கு என்ன கவலை?

பெட்ரோல் இன்ஜினுக்கு பிஸ்டன், வால்வு, கிராங்க் ஷாஃப்ட், சைலன்சர் எல்லாம் வேண்டும். மின்சார மோட்டாருக்கு இது எதுவுமே வேண்டாம். இந்தப் பாகங்களைக் கடைந்து கொடுத்துப் பிழைக்கும் சின்னப் பட்டறைகளுக்குத்தான் முதல் அடி விழும். ராயல் என்ஃபீல்டின் அடுத்த ஆலைகளும் ஒரகடம், வல்லம் வடகால் என்று காஞ்சிபுரம் மாவட்டத்துக்கே போயின.

2023-ல் வந்த தமிழக மின்சார வாகனக் கொள்கையின் இலக்கு ரூ.50,000 கோடி முதலீடு, 1.5 லட்சம் வேலை. நல்ல இலக்குதான். ஆனால் புதிய வேலை ஒரு மாவட்டத்திலும் பழைய வேலையின் இழப்பு இன்னொரு மாவட்டத்திலும் நடந்தால், மொத்தக் கணக்கில் அது தெரியாது. பேட்டரி பேக் பூட்டுவது, மோட்டார் காயில் சுற்றுவது, கன்ட்ரோலர் பழுது பார்ப்பது ஆகியவற்றை வடசென்னை ஐ.டி.ஐ.க்களில் இப்போதே சொல்லித் தர வேண்டும். பட்டறைகள் மெஷின் மாற்ற கடன் வேண்டும்.

மின்சார வண்டி வரத்தான் போகிறது. வரவும் வேண்டும்; புகையை அதிகம் சுவாசித்த ஊர் இது. அந்த வண்டியைச் செய்யும் கைகளில் எண்ணூர், திருவொற்றியூர் கைகளும் இருக்குமா என்பதை அரசு இப்போதே முடிவு செய்தாக வேண்டும்.