லின்யோன் ஆற்றங்கரையில் ஓர் ஊர்

ஐரோப்பாவின் தேசப்படத்தை விரித்து வைத்து, "நீங்கள் காண விரும்பும் இடம் எது?" என்று மாணவரை நாம் வினவுவதுண்டு. பாரிஸ், இலண்டன், உரோமாபுரி என்ற விடைகளே பெரும்பாலும் வரும். கோட்டையும் அரண்மனையும் உள்ள இடமே சரித்திரம் நிகழ்ந்த இடம் என்பது இளம் உள்ளங்களிற் பதிந்துவிட்ட எண்ணம். அதனைச் சிறிது அசைத்துப் பார்க்கும் நோக்குடன், பேர்பெற்ற கோட்டையோ அரண்மனையோ இல்லாத ஒரு சிற்றூருக்கு இவ்வாரம் வாசகர்களை அழைத்துச் செல்கின்றோம்.

பிரான்சு தேசத்தின் மத்திய மலைநாட்டில், லியோன் நகருக்குத் தென்மேற்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது லெ ஷம்போன். லின்யோன் ஆறு அருகே ஓடுவதால் லெ ஷம்போன் சூர் லின்யோன் என்பது அதன் முழுப்பெயர். குடிசனம் சுமார் 2500. கருங்கல்லாற் கட்டிய வீடுகள். பாரமான கற்பலகைகள் வேய்ந்த பழங்கூரைகள். சுற்றிவரப் புல்வெளியும் பைன் மரக்காடும்.

கோடையிலே ஆற்றில் நீராடலாம். காட்டுப் பாதைகளில் நடந்தும் குதிரையேறியும் செல்லலாம். காளானும் கருநீலச் சிறு பழங்களும் பறிக்கலாம். நடையில் வல்லவர்கள் தெற்கே 1753 மீற்றர் உயரமுள்ள மெசான்க் மலைமேல் ஏறுவர். வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்து அல்ப்ஸ் மலைத்தொடர் தெரியும். அதற்கப்பால், கூம்பு வடிவான ஜெர்பியே குன்றின் அடியிலேதான், 1000 கிலோமீற்றர் ஓடிக் கடல்சேரும் லுவார் நதி ஊற்றெடுக்கிறது. மாரியில் 'பூர்ல்' எனப்படும் வடகாற்று, பெய்த பனியை வாரிப் பாதைகளில் மேடாகக் குவித்துவிடும். முன்பு மலையேறி வந்த ஒடுங்கிய பாதைப் புகையிரதம் 1968இல் நிறுத்தப்பட்டது. ஆயினும், பழைய வண்டிகளில் பற்றுக்கொண்ட அன்பர்கள் அதே தண்டவாளத்தில் உல்லாசப் பயணிகளுக்காக இரயில் ஓட்டி வருகின்றனர்.

இவ்வூருக்கு விருந்தினர் வருவது நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. 1893இல் லூயி கொம்த் என்ற போதகர், சாந்தெத்தியென் என்னும் நிலக்கரி நகரத்துத் தொழிலாளரின் நோஞ்சற் பிள்ளைகளை, நல்ல காற்றுக்காக இம்மேட்டுநிலத்துக்கு அனுப்பும் பணியைத் தொடங்கினார். பிள்ளைகளைத் தம் வீடுகளில் வைத்துப் பாலும் ரொட்டியும் கொடுத்து வளர்த்தனுப்பினர் கமக்காரர். காலப்போக்கில் விடுதிகளும் சிறுவர் இல்லங்களும் பெருகின. முன்பின் அறியாத பிள்ளை வாசலில் வந்து நின்றால், யார், எவர் என்று துருவாமல் உள்ளே அழைக்கும் பழக்கம் ஊரிற் படிந்தது. இதை நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. பின்னர் நிகழ்ந்த அரும்பெருஞ் செயலுக்கு இப்பழக்கமும் ஒரு வித்து.

மற்றொரு வித்து இன்னும் பழையது. இம்மக்களின் முன்னோர் புரட்டஸ்தாந்து சமயத்தவர். 1598இல் பிரெஞ்சு மன்னன் அவர்களுக்கு அளித்த வழிபாட்டுரிமையை 1685இல் அவன் பேரன் பறித்துக்கொண்டான். அதன்பின் நெடுங்காலம் அவர்கள் காட்டிலும் மறைவிடங்களிலும் கூடி வழிபட்டனர். ஒளிந்து வாழ்பவனின் துயரம் அவர்களுக்குப் பாட்டி சொன்ன கதை.

1940 யூன் மாதம் பிரான்சு ஹிட்லரிடம் தோற்றது. உடன்படிக்கை ஒப்பமிட்ட மறுநாள், ஊரின் போதகர்களான அந்திரே திறொக்மேயும் எதுவார் தெய்சும், மனச்சாட்சிக்கு மாறான கட்டளைக்கு வன்முறையின்றி, ஆனால் உறுதியாக, எதிர்நிற்க வேண்டும் என்று சபையோருக்கு உரைத்தனர். அடுத்த பனிக்காலத்தில் ஒரு மாலை, ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த யூதப் பெண்ணொருத்தி திறொக்மே வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் மனைவி மாக்தா அவளை உள்ளே அழைத்தார். பின்னர் பலர் வந்தனர். பிள்ளைகளுக்கென எழுந்த இல்லங்களிலும் விடுதிகளிலும் கமக்காரர் வீடுகளிலும் அவர்கள் மறைந்திருந்தனர். இருபது வயது நிரம்பாத அகதி இளைஞர் ஒருவர் போலி அடையாளப் பத்திரங்கள் எழுதித் தேனீப் பெட்டிகளுள் ஒளித்து வைத்தார்.

மாணவரும் வாளாவிருக்கவில்லை. 1942 ஓகஸ்ட் 10ஆந் தேதி, ஜெர்மனியருக்கு இணங்கி நடந்த விஷி அரசாங்கத்தின் அமைச்சர் ஒருவர் ஊருக்கு வந்தார். முந்திய மாதம் பாரிஸ் நகரில் யூதர் குடும்பம் குடும்பமாகக் கைதானதைக் கண்டித்து மேல்வகுப்பு மாணவர் அவரிடம் கடிதம் கொடுத்தனர். தம்மிடையே யூதரும் இருப்பதாகவும், தாம் வேற்றுமை பாராட்டுவதில்லை என்றும் அதில் எழுதியிருந்தனர். சில நாள்களிற் பொலிசார் பஸ் வண்டிகளுடன் வந்து வாரக்கணக்காகத் தேடினர். தேடப்பட்டோர் காட்டினுள் மறைந்தனர். வண்டிகள் ஏறத்தாழ வெறுமையாகவே திரும்பின. இன்று உல்லாசமாக நடப்போர் மிதிக்கும் பாதைகள் அன்று உயிர் காத்த பாதைகள்.

எல்லா நாளும் அவ்வாறு முடியவில்லை. 1943 யூன் 29ஆந் தேதி கெஸ்ராப்போவினர் மாணவர் விடுதியொன்றினுட் புகுந்து பதினெட்டு மாணவரைப் பிடித்தனர். அவர்களுக்குப் பொறுப்பாயிருந்தவர் தானியேல் திறொக்மே, போதகரின் உறவினர், இளம் ஆசிரியர். தப்பியோட வாய்ப்பிருந்தும் அவர் ஓடவில்லை. 1944 ஏப்ரலில் மைதானெக் முகாமில் உயிர்நீத்தார். ஆசிரியத் தொழிலில் இருபதாண்டு கழித்த நாம் இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும், அன்று அவ்விடுதி நம் பொறுப்பில் இருந்திருப்பின் எவ்வாசலால் வெளியேறியிருப்போம் என்று நம்மையே கேட்கின்றோம். விடை கூற இன்றுவரை துணியவில்லை.

காப்பாற்றப்பட்டோர் எத்தனை பேர்? மறைப்பதே பணியாயிருந்தவர்கள் பெயரேடு வைப்பாரா? அறிஞர் கணிப்புகள் வேறுபடினும், ஆயிரக்கணக்கானோர் அம்மேட்டுநிலத்தில் அடைக்கலம் பெற்றனர் என்பது துணிபு. அவர்களுள் ஒரு சிறுவன் அலெக்சாந்தர் குறொத்தெந்தீக். அவ்வூர்க் கல்லூரியிற் படித்துப் பின்னர் 1966இல் பீல்ட்ஸ் பதக்கம் பெற்ற கணித மேதை. அயற்கிராமமான பனெலியேயில், காசநோய்க்கு மலைக்காற்றை நாடி வந்து தங்கியிருந்தார் அல்பேர் கமு. 1947இல் வெளிவந்த 'கொள்ளைநோய்' நாவலின் ஒரு பகுதியை அவர் அங்கேதான் எழுதினார்.

ஊரைக் காணச் செல்பவர் முதலில் அந்த ஆலயத்துக்குப் போகலாம். ஆடம்பரமற்ற கற்கட்டடம், வாயிலின்மேல் ஒருவரையொருவர் நேசிக்கப் பணிக்கும் சிறு வாசகம். எதிரே, அடைக்கலம் பெற்ற யூதர்கள் 1979இல் நன்றியுடன் பதித்த நினைவுக்கல். 2013இல் திறக்கப்பட்ட நினைவகமும் அருகிலேயே உண்டு. 1990இல் யெரூசலத்திலுள்ள யாத் வஷேம் நிறுவனம் தனி ஒருவரையன்றி, இவ்வூரையும் அயலூர்களையும் சேர்ந்த மக்கள் அனைவரையுமே கௌரவித்தது.

செய்ததைப் பெரிதாகப் பேசும் இயல்பு அவர்களிடம் இருக்கவில்லை. அடைக்கலம் பெற்றவர்களோ மறக்கவில்லை. வியன்னாவிலிருந்து சிறுவனாக வந்து அங்கு வளர்ந்த ஒருவர், தொண்ணூறு வயதில் 2020ஆம் ஆண்டின் இறுதியிற் காலமானார். தம் பெருஞ் செல்வத்தை அவ்வூருக்கே எழுதிவைத்திருந்தார். அது ஏறத்தாழ 20 இலட்சம் யூரோ என்று பத்திரிகைகள் கூறின. இளைஞரின் கல்விக்கு அதைப் பயன்படுத்த வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

மாணவர்களே, தேசப்படத்தில் இவ்வூரைக் காண்பதற்குக் கூர்ந்த பார்வை வேண்டும். ஒருமுறையேனும் தேடிப் பாருங்கள். அந்தக் கமக்காரர் தாம் சரித்திரம் படைப்பதாக எண்ணியதில்லை. பனி கொட்டும் வேளையில் யாரோ கதவைத் தட்டினார்கள். எழுந்து போய்த் திறந்தார்கள். அவ்வளவே.