காசு சேர்ந்தால் கண்ணாடி! - திருப்பூர் போட்டோகிராபர்களின் லென்ஸ் கனவுகள்

திருப்பூரில் கையில் நாலு காசு சேர்ந்தால் அது மெஷினாக மாறும். பவர் டேபிள் ஓட்டுகிறவர் சொந்தமாக இரண்டு ஓவர்லாக் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பார். ஜாப் ஒர்க்கில் தேறியவர் நிட்டிங் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுப்பார். இதே ஊரில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. கல்யாண மண்டபம், ஏற்றுமதி நிறுவனத்தின் சாம்பிள் ரூம், குளக்கரை என்று மூன்று இடங்களிலும் பார்க்கலாம். காசு சேர்ந்தால் இவர்கள் வாங்குவது கண்ணாடி.

கேமரா வாங்குவதைப் பற்றி ஊரே பேசும். போட்டோகிராபர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது லென்ஸைப் பற்றித்தான். அதில் நியாயமும் இருக்கிறது. கேமரா பாடி நாலைந்து வருடத்தில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் பத்து, பதினைந்து வருடம் சோறு போடும்.

முதல் ஆசை எல்லோருக்கும் ஒன்றுதான்: 50 எம்.எம்., எஃப் 1.8. கேமராவோடு பெட்டியிலேயே வரும் 18-55 லென்ஸை ஜூம் செய்தால் எஃப் 5.6 வரைக்கும்தான் திறக்கும். எஃப் 1.8 அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் குழந்தையைப் படம் எடுக்கலாம். முகம் பளிச்சென்று இருக்க, பின்னாலிருக்கும் பீரோவும் காலண்டரும் கரைந்துபோகும். பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் இவ்வளவு தரும் கண்ணாடி வேறு கிடையாது. பலருக்கு இந்தத் தொழில் பிடித்துப்போனதே இந்த லென்ஸைப் போட்டு எடுத்த முதல் படத்தில்தான்.

கனவு அங்கேயே நின்றால் பிரச்னை இல்லை. நிற்காது.

மேடைக்குக் கீழே ஒரு 70-200

கொங்குப் பகுதிக் கல்யாணங்களில் சீர்கள் அதிகம். அருமைக்காரர் முன்னின்று நடத்தும் ஒவ்வொரு சீருக்கும் மேடையில் உறவுக்கூட்டம் சூழ்ந்துவிடும். இணைச்சீரில் அண்ணன் - தங்கை முகத்தில் வந்துபோகிற ஒரு நொடியைப் பிடிக்க வேண்டும். ஆனால், பக்கத்தில் போனால், "ஏனுங் தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஒண்ணும் தெரியலீங்க" என்று பின்வரிசையில் இருந்து குரல் வரும். தள்ளி நின்றால் முகம் கிடைக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறவருக்கான லென்ஸ்தான் 70-200, எஃப் 2.8. பத்தடி பின்னால் நின்றபடி, மணமகளின் கண்ணோரம் தேங்கிய ஈரத்தை எடுத்துவிடும். ஜூம் செய்தாலும் எஃப் 2.8 மாறாது. அதிகாலை முகூர்த்தத்தின் மங்கலான மண்டப வெளிச்சத்துக்கு அது தேவை.

எடை ஒரு கிலோவில் இருந்து ஒன்றரை கிலோ வரை. காலை நாலு மணிக்குத் தூக்கினால் மதியப் பந்தி வரை தோளில்தான். புதிது வாங்கினால் இரண்டு லட்சத்தை ஒட்டியோ தாண்டியோ போகும். தனியாளாகக் கல்யாண ஆர்டர் பிடிக்கிற இளைஞருக்கு அது இரண்டு, மூன்று சீசன் சேமிப்பு. அதனால்தான் முதல் சில வருடங்கள் வாடகைக்கு எடுத்தே ஓட்டுகிறார்கள். முகூர்த்த நாள்களில் அந்த வாடகை லென்ஸுக்கே போட்டி.

85 எம்.எம். எஃப் 1.4 பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்கள். கல்யாணத்துக்கு முந்தைய ஜோடிப் படங்களின் செல்லப்பிள்ளை அது. பின்னணி வெண்ணெய் மாதிரி உருகும். அதற்காகவே வாங்குகிறார்கள்.

பனியனுக்குக் கூர்மையே எதிரி

திருப்பூருக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு. வெளிநாட்டு பையருக்கு அனுப்பும் படத்தில் துணியின் பின்னல் தெரிய வேண்டும். சிங்கிள் ஜெர்சியா, ரிப்பா, இன்டர்லாக்கா, பிக்கேயா என்று பார்த்தவுடன் புரிய வேண்டும். இதற்கு 90, 100 அல்லது 105 எம்.எம். மேக்ரோ லென்ஸைத் தேடுகிறார்கள். ஒன்றுக்கு ஒன்று அளவில் எடுத்தால், 36-க்கு 24 மில்லிமீட்டர் துணி மட்டும் முழு ஃபிரேமையும் நிரப்பும். ஜி.எஸ்.எம். கட்டரில் வெட்டிய வட்டத்தைவிடச் சின்னத் துண்டு அது. ஒவ்வொரு கண்ணியையும் எண்ணலாம்.

முழுச் சட்டையையும் எடுக்கும்போதுதான் வேடிக்கை. ரிப் துணியின் நெருக்கமான கோடுகளும் கேமரா சென்சாரில் உள்ள பிக்ஸல் வரிசையும் ஒன்றோடொன்று மோதி, துணியில் இல்லாத வானவில் அலைகள் படத்தில் வந்துவிடும். 'மோயரே' என்று பெயர். லென்ஸ் எவ்வளவு கூர்மையோ, அலையும் அவ்வளவு மோசம்! லட்ச ரூபாய் கண்ணாடி மாட்டிய அன்றைக்குத்தான் பலர் இதை முதல்முறையாகப் பார்க்கிறார்கள். கேமராவை ஓரடி முன்பின் நகர்த்துவது, கோணத்தைக் கொஞ்சம் மாற்றுவது, எஃப் 16-க்கு இறக்கி வேண்டுமென்றே கூர்மையைக் குறைப்பது என வைத்தியங்கள் உண்டு. சாம்பல் நிற மெலாஞ்ச் துணியும் மெல்லிய கோடு போட்ட டி-ஷர்ட்டும் ஆர்டரில் இருந்தால், புது லென்ஸைவிட இந்த வைத்தியம்தான் பேமென்ட்டைக் காப்பாற்றும்.

பறவைக்காரர்களின் பெரிய வெள்ளைக் குழாய்

ஊத்துக்குளி சாலைப் பக்கம் இருக்கிறது நஞ்சராயன் குளம். தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயம். 2024 ஆகஸ்ட்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. பரப்பு சுமார் 126 ஹெக்டேர். 191 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. சாயத்தண்ணீர் என்றாலே நினைவுக்கு வந்த நொய்யல் படுகையில் இப்படி ஓர் இடம் இருப்பது வெளியூர்க்காரர்களுக்கு இன்றும் ஆச்சர்யம். அக்டோபரில் இருந்து மார்ச் வரை வலசைப் பறவைகளின் சீசன். இமயமலையைத் தாண்டிப் பறக்கும் பட்டைத்தலை வாத்துகள்கூட இங்கே வந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை கரையில் முக்காலிகள் முளைத்துவிடும்.

இங்கேதான் கனவு கட்டுக்கடங்காமல் போகிறது. பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது 150-600 அல்லது 200-600 ஜூம். ஒன்றரை, இரண்டு லட்ச ரூபாய் வகை. மனதில் இருப்பது 600 எம்.எம். எஃப் 4. விலை பத்து லட்சத்துக்கு மேல்! இரண்டுமே ஒரே தூரத்தைத்தானே காட்டுகின்றன, எதற்கு இத்தனை வித்தியாசம்?

கணக்கு எளிது. 600-ஐ 4-ஆல் வகுத்தால் 150. அதாவது, முன்னால் இருக்கும் கண்ணாடி குறைந்தது 150 மில்லிமீட்டர் அகலம் வேண்டும், ஒரு டிபன் தட்டு அளவு. எஃப் 6.3 என்றால் 95 மில்லிமீட்டர் போதும். அந்தப் பெரிய கண்ணாடியைப் பிசிறில்லாமல் தேய்த்தெடுப்பதற்குத்தான் காசு. பதிலுக்குக் கிடைப்பது இரண்டரை மடங்கு வெளிச்சம். மீன்கொத்தி பாய்கிற விடியற்காலையில், எஃப் 4-ல் 1/2000 நொடி வேகம் கிடைக்கும் இடத்தில், எஃப் 6.3-ல் 1/800-தான் கிடைக்கும். முதலாவதில் சிறகின் துளி நீரும் உறையும். இரண்டாவதில் சிறகு ஒரு மங்கல் கோடு.

அந்தக் குழாய் ஏன் பெரும்பாலும் வெள்ளையாக இருக்கிறது? உள்ளே ஃபுளோரைட் என்ற படிகம். நிறங்கள் பிசிறாமல் ஓரிடத்தில் குவிய உதவுவது அது. கேனான் நிறுவனம் 1969-ல் செயற்கை ஃபுளோரைட்டை வைத்து முதல் லென்ஸைக் கொண்டுவந்தது. இந்தப் படிகம் சூட்டில் எளிதாக விரிந்துவிடும். வெயிலைத் திருப்பி அனுப்பத்தான் வெள்ளை. திருப்பூர் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் நின்றவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கனவுகளுக்கும் மேலே இரண்டு கதைகள் இவர்களிடம் புழங்கும். ஒன்று, நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்த 50 எம்.எம். எஃப் 0.7. செய்ததே பத்துதான். அதில் மூன்றை வாங்கித்தான் ஸ்டான்லி குப்ரிக் 1975-ல் வந்த 'பேரி லின்டன்' படத்தின் மெழுகுவத்தி வெளிச்சக் காட்சிகளை எடுத்தார். இன்னொன்று, கேனானின் 1200 எம்.எம். எஃப் 5.6. எடை பதினாறரை கிலோ. 2021-ல் ஜெர்மனியில் நடந்த ஏலத்தில் 5 லட்சம் யூரோவுக்குப் போனது. நம் காசுக்கு நாலு கோடிக்கு மேல்.

இவற்றுக்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்பவர் மா.கிருஷ்ணன். நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். 1950-ல் இருந்து 1996-ல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மேன்' பத்திரிகையில் இயற்கை பற்றிய பத்தி எழுதியவர். ஒரு கம்பெனி கேமரா பாடி, இன்னொரு கம்பெனி டெலி லென்ஸ், மற்றதெல்லாம் தானே பொருத்தியது. அதற்கு அவரே வைத்த பெயர் 'சூப்பர் பாண்டரோஸா'. அந்தக் கருவியோடுதான் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். யானைக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவை எந்த டீலரும் விற்பதில்லை.

எல்லோராலும் கிருஷ்ணனாக முடியாது என்பதால் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் பில் இருக்கிறதா என்று முதலில் கேட்பது நல்லது. பில் இல்லையென்றால் வாரன்ட்டியை மறந்துவிட வேண்டியதுதான். பிறகு, இரண்டு பக்க மூடியையும் கழற்றி, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார்க்க வேண்டும். சிலந்தி வலை மாதிரி கிளை விட்டிருந்தால் ஃபங்கஸ். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. மழைக்காலத்தில் பையில் பூட்டிவைத்த லென்ஸுக்குத்தான் அது முதலில் வரும். டிரை கேபினட் வாங்க முடியாதவர்கள், மூடி இறுக்கமாக இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு வைக்கிறார்கள். ஏற்றுமதிப் பெட்டிகள் புழங்கும் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

பஞ்சு பறக்கும் நிட்டிங் யூனிட்டுக்குள் மட்டும் லென்ஸைக் கழற்றி மாட்ட வேண்டாம். சென்சாரில் ஒட்டிய ஒரு நூலிழை, அன்றைக்கு எடுத்த அத்தனை படத்திலும் ஒரே இடத்தில் கோடாக நிற்கும்.